மலைநாட்டு மக்களின் மயக்கந் தீர்த்த கோ. நடேசையர்

துன்பம் வந்துற்றபோது இறைவனை நினையாதார் ஒருவருமிலர். அவ்வாறு நினைந்து, நினைத்ததனோடு அமையாது, தம்மாலியன்ற தொண்டினையும் இடையறாது செய்து நிற்பவர் மிகச் சிலரே. திருநாவுக்கரசு சுவாமிகளைப் பல்லவவேந்தன் நீற்றறையில் அடைப்பித்தான்; நஞ்சு ஊட்டுவித்தான்; யானையை ஏவினான்; கல்லொடு பிணித்துக் கடலில் வீழ்த்தினான். சுவாமிகள் சிறிதும் நெஞ்சு நெகிழ்ந்திலர். கரையேறிய பின்னரும் ஓரிடத்தே வாளா இருந்தாரல்லர். உழவாரப்படையைத் தாங்கித் தலந்தோறும் சென்று, முள்ளும் புல்லும் செதுக்கித் திருவீதி திருத்தினார். நெஞ்சிலே திருவைந்தெழுத்தும் கையிலே உழவாரமும் விளங்கிய அத்திருக்கோலமே சைவமக்களுக்கு நம்பிக்கை என்பதன் வடிவமாம். நெஞ்சில் உறுதியின்றிக் கருவியை மட்டும் கொண்டவர் இடர் வந்துழிக் கருவியை எறிந்துவிடுவர். கருவியின்றி உறுதியை மட்டும் பேசுவோர் பிறர் துயர் கண்டு ஆறுதல் கூறுவதோடு அமைந்துவிடுவர். இரண்டும் ஒருங்கு வேண்டும்.

ஈண்டு யாம் கூறப்புகுந்தது அடியார் ஒருவருடைய சரித்திரம் அன்று. பத்திரிகாசிரியராயும், சட்டசபை அங்கத்தவராயும், தொழிற்சங்கத் தலைவராயும் வாழ்ந்து 1947 ஆம் ஆண்டிலே மறைந்த கோதண்டராம நடேசையருடைய சரித்திரம். ஆயினும், கொடுமையின் நடுவே நம்பிக்கை இழவாது நிற்றல் எவ்வாறு என்பதைச் சைவ ஆசிரியர் தம் மாணாக்கர்க்குக் கூறுமிடத்து, அவர் வாழ்வு பெரிதும் பயன்படும். அவர்க்கு எழுதுகோலே உழவாரமாயிற்று. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களே அவர் திருத்தப் புகுந்த வீதிகளாயின.

அவர் வரலாற்றை அறிதற்கு முன் அம்மக்களின் வரலாற்றை அறிதல் வேண்டும். இலங்கையிலே கோப்பிப் பயிர்ச்செய்கை பெருகிய காலந்தொட்டுத் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் திரள்திரளாகக் கொணரப்பட்டனர். 1869 ஆம் ஆண்டிலே இலைநோய் தோன்றிக் கோப்பிச் செடிகளை அழித்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1867 இல், லூல்கந்துரை என்னுந் தோட்டத்திலே ஜேம்ஸ் ரெயிலர் என்னுந் துரை தேயிலையைப் பயிரிட்டிருந்தார். கோப்பி அழிந்த இடமெல்லாம் தேயிலை பரவ, அட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கொல்லை, நுவரெலியா ஆகிய பகுதிகளிலே காடுகள் வெட்டப்பட்டு மலைகள் யாவும் பச்சைப்பாய் விரித்தாற்போலாயின. அப்பசுமையின் அடியிலே கிடப்பது அம்மக்களின் உழைப்பு.

முன்னாளில் அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக மாத்தளை நோக்கிச் சென்றனர். பசியாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் அவ்வழியிலே மாண்டவர் எண்ணிறந்தோர். பிழைத்து மாத்தளை சேர்ந்தவர் முத்துமாரியம்மன் சந்நிதியிலே வணங்கிய பின்னரே தத்தம் மலைகளுக்குப் பிரிந்து சென்றனர். தோட்டம் சேர்ந்தபின் ஒவ்வொரு மலையிலும் ஒரு கல்லை நட்டோ, ஒரு சூலத்தை ஊன்றியோ மாரியம்மனையும் முருகனையும் முனியாண்டியையும் வழிபட்டனர். தேயிலைத் தொழிற்சாலையின் பெருஞ்சக்கரத்துக்கும் ரோதமுனி என ஒரு காவற்றெய்வம் வைத்தனர். கவ்வாத்து வெட்டும் மலைக்குக் கவ்வாத்துசாமி என ஒரு தெய்வம் வைத்தனர். கற்றோர் சிலர் இவற்றைக் கண்டு நகைப்பர். நகைத்தல் தகாது. ஊரும் உறவும் இழந்து, கத்தியும் இயந்திரமும் அட்டையும் குளிரும் சூழ்ந்த இடத்திலே, தம் வேலைக்களம் முழுதும் ஒரு காவலின் கீழ் உள்ளது என்னும் நினைவே அவர்களை மனிதராய் நிற்கச்செய்தது. தீமிதியும் காவடியும் காமன்கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் அவர்கட்குப் பள்ளிக்கூடமாயிருந்தன.

எனினும் அந்நம்பிக்கையின் மேலே வேறொன்று படரலாயிற்று. அதிகாலையிலே தப்போசை கேட்டெழுந்து பெரட்டுக்களத்திலே நிற்றல் வேண்டும். சிறிது பிந்தினும், கொழுந்து சிறிது குறையினும், அரைப்பேர் எனக் குறித்து அரைநாட் கூலியையே கணக்கிலிடுவர். பத்தடிச் சதுரமான லயக்காம்பராவிலே ஒரு குடும்பம் வாழ்தல் வேண்டும். ஊரை விட்டு வந்த செலவு கங்காணியின் ஏட்டிலே கடனாகப் பதியப்பட்டு ஆண்டுதோறும் வளரும். அக்கடனைக் குறித்த துண்டு என்னுஞ் சீட்டைப் பெறாமல் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றிற்குப் போதல் இயலாது. துண்டின்றிப் போனவரைக் குற்றவாளியெனச் சிறையிடவும் சட்டம் இடங்கொடுத்தது. இத்தனையும் தம் தலைவிதியே எனவும், முற்பிறப்பின் வினையே எனவும் அம்மக்கள் நினைக்கலாயினர். அவர் அவ்வாறு நினைத்தல் துரைமார்க்கும் கங்காணிமார்க்கும் வசதியாயிருந்தது. இறைவன்பால் வைத்த நம்பிக்கை வேறு. கொடுமைக்குத் தலைகுனிதல் வேறு. முன்னையது உயிரைத் தாங்குவது. பின்னையது உயிரை மயக்குவது. இம்மயக்கத்தையே நடேசையர் எதிர்க்க முற்பட்டார்.

இதற்கு முன்னும் வழி திருத்தினோர் இலரல்லர். சைவநன்மணியாகிய சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் 1919 ஆம் ஆண்டிலே தொழிலாளர் நலனுக்கென ஒரு சங்கம் நிறுவித் துண்டு முறையைக் கண்டித்து வந்தார். அம்முறை 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. ஆயினும் கொழும்பிலே சட்டம் மாறுவது ஒன்று. அதனை லயத்தில் வாழ்பவன் அறிவது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பள்ளத்தை நிரப்புதற்கு ஒருவர் வேண்டியிருந்தது.

நடேசையர் தஞ்சைச் சீமையிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியிற் பிறந்தவர். இளமையிலே வர்த்தகக் கல்வியில் ஈடுபட்டுக் கணக்குப்பதிவு முதலிய பொருள்கள்மீது தமிழிலே நூல்கள் எழுதினார். வர்த்தகமித்திரன் என்னும் பத்திரிகையையும் நடத்தினார். இத்தொடர்பினாலே 1915 ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்தார். வந்தவிடத்து மலைநாட்டுத் தோட்டங்களின் நிலையைக் கேள்வியுற்று, அதனை நேரிற் காண விரும்பினார். தோட்டங்களோ துரைமாரின் தனியுடைமை. அந்நியர் உட்புகின் அத்துமீறல் எனக் குற்றஞ்சாட்டப்படுவர். ஆகவே அவர் புடவை விற்கும் வியாபாரிபோலத் துணிமூட்டை சுமந்து லயங்களுக்குள்ளே சென்றார். கணக்கெழுதக் கற்பித்தவர் கணக்கிலே ஏமாற்றப்படும் மக்களை அங்கே கண்டார். கண்டதனைப் பின்னர் எழுதி வெளிப்படுத்தினார். ஒரு நாட்டிலே தம்மினத்தாரைச் சந்திப்பதற்கு ஒருவர் மாறுவேடம் பூணவேண்டியிருந்தது என்னும் இவ்வொன்றே அக்காலத் தோட்டங்களின் இயல்பை விளக்கப் போதியதாம்.

இரங்குவோர் பெரும்பாலும் கண்டு இரங்கி ஊருக்குத் திரும்பிவிடுவர். இவரோ ஊருக்குத் திரும்பிய பின்னும் அமைதியுறாது மீண்டும் இலங்கைக்கு வந்து கொழும்பிலே தங்கினார். தேசநேசன் என்னும் பத்திரிகைக்கு ஆசிரியராயினார்; 1924 ஆம் ஆண்டிலே தேசபக்தன் என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். அப்பத்திரிகை தோட்டங்களில் நிகழும் அநீதிகளை வெளிப்படுத்தியதோடு, இந்தியாவிலே நிகழ்ந்த தேசிய இயக்கச் செய்திகளையும் மலைநாட்டுக்குக் கொணர்ந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவன் வாசிக்க, லயத்தார் கூடியிருந்து கேட்கும் பழக்கம் இராமாயண பாரத வாசிப்பினால் முன்னரே அவர்களிடம் இருந்தது. அவ்வாசிப்பின் பக்கத்திலே பத்திரிகைக்கும் ஓரிடம் கிடைத்தது.

1925 ஆம் ஆண்டிலே அவர் இந்தியர் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டு 1931 வரை அங்கிருந்தார். அக்காலத்திலே கொழும்பிலே தொழிலாளர் தலைவராய் விளங்கிய ஏ. ஈ. குணசிங்கா அவர்களுடன் சேர்ந்து இலங்கைத் தொழிலாளர் சங்கத்திலே உழைத்தார். சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரு சங்கத்தின் கீழ் நிற்கலாம் என்பது அவர் முதற்கொண்ட நம்பிக்கை. அந்நம்பிக்கை நீடிக்கவில்லை. வேலையின்மை பெருகவே, குற்றம் முதலாளியுடையதன்று, இந்தியத் தொழிலாளியுடையதே என்னும் பேச்சு எழுந்தது. குணசிங்காவும் அப்பக்கம் சாய்ந்தார். 1928 ஆம் ஆண்டளவிலே இருவரும் பிரிந்தனர். தோளோடு தோள் நின்றவர் எதிர்நின்று பேசுதலைக் காண்பது எவர்க்கும் துன்பமே. நடேசையர் பொதுவாழ்வை வெறுத்து ஒதுங்கினாரல்லர். தம் பார்வையை மலைநாட்டின்மேலே முற்றாகத் திருப்பினார்.

1927 ஆம் ஆண்டிலே இந்தியத் தொழிலாளர்க்கு மிகக்குறைந்த கூலியை நிருணயிக்குஞ் சட்டம் பிறந்தது. அதன்படி மலைநாட்டிலே ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் கூலியாக வகுக்கப்பட்டன. இத்தொகை வாழ்க்கைக்குப் போதாது என நடேசையர் வாதாடினார். ஒரே மலையில், ஒரே மழையில் நின்று கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு 11 சதம் குறைவாக வைத்த அக்கணக்கு நீதியானதன்று என்பதும் ஆசிரியர் கருதத்தக்கது.

போதாத அத்தொகையும் நிலைக்கவில்லை. உலக வியாபாரம் வீழ்ந்து தேயிலை விலை சரிந்தது. தோட்டங்கள் சில மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். எஞ்சியோர் கூலி 54 சதத்திலிருந்து 49 சதமாகக் குறைக்கப்பட்டது. இவ்விருண்ட காலத்திலேதான், 1931 ஆம் ஆண்டிலே, நடேசையர் அட்டனிலே அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். மலைநாட்டுத் தொழிலாளர்க்கென எழுந்த முதற் பெருந்தொழிற்சங்கம் அதுவே. அதே ஆண்டிலே நீ மயங்குவதேன் என்னும் நூலையும் வெளியிட்டார். பின்னர் வெற்றி உனதே என மற்றொரு நூலும் எழுதினார். இவ்விரு பெயர்களையும் நோக்குக. கூலி குறைந்து, சங்கம் எளிதில் நசுக்கப்படக்கூடிய நிலையிலிருந்த காலத்திலே ஒருவர் தம் மக்களை நோக்கி மயக்கம் ஏன் என்று வினவுகிறார். வெற்றி உன்னுடையதே என்கிறார். இவை வெறும் புகழ்மொழிகளா? அல்ல. அவர் அந்நூல்களை எழுதியதோடு அமையாது, தொழிலாளர் சட்டங்களை எளிய தமிழிலே விளக்கும் கைந்நூல்களையும் எழுதினார். எத்தனை மணி வேலை, எவ்வளவு கூலி, அரிசிக்கு எவ்வளவு பிடிக்கலாம், யாரிடம் முறையிடலாம் என்பவற்றை அறியாதவனிடம் நம்பிக்கை கொள் என்றால், அவன் எதன்மேலே கால்வைத்து நம்புவான்? நடேசையர் முதலிலே கால்வைக்க ஒரு படியை அமைத்தார். பின்னரே ஏறுக என்றார்.

இப்பணியிலே அவருடைய மனைவியார் மீனாட்சியம்மையார் கொண்ட பங்கு சிறிதன்று. தோட்டத்துள்ளே கூட்டம் நடத்தத் தடையிருந்தமையால், தெருவோரங்களிலும் சந்தை கூடும் இடங்களிலும் அவர் நின்று பாடுவார். பாரதியார் பாடல்களும், மக்கள் அறிந்த மெட்டுக்களிலே தாமே இயற்றிய பாடல்களும் கேட்டு மக்கள் கூடுவர். கூடியபின் நடேசையர் பேசுவார். தேசபக்தனிலே பெண்களுக்கென வந்த பகுதியை அம்மையாரே கவனித்தார். 1940 ஆம் ஆண்டிலே அவர் பாடல்கள் நூலாகவும் வெளிவந்தன. சமயகுரவர் பண்ணோடு பாடித் தமிழ்நாட்டை எழுப்பிய மரபிலே வந்தோர்க்கு, பாட்டினால் ஒரு மக்களின் அச்சத்தைப் போக்கலாம் என்பதை விரித்துரைத்தல் மிகை. நடேசையரும் 1937 ஆம் ஆண்டிலே தொழிலாளர் அந்தரப் பிழைப்பு என்னும் நாடகத்தை எழுதி, அம்மக்களின் நிலையற்ற வாழ்வை அவர்களே காணுமாறு செய்தார்.

1936 ஆம் ஆண்டுத் தேர்தலிலே அவர் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்று 1947 வரை அங்கத்தவராயிருந்தார். இக்காலத்திலே இந்தியத் தொழிலாளர்க்கெதிரான உணர்ச்சி வளர்ந்தது. 1939 ஆம் ஆண்டிலே அரசாங்கத்தின் கீழ் நாட்கூலிக்கு வேலைசெய்த இந்தியர் பலர் நீக்கப்பட்டனர். இந்திய அரசாங்கம் தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடைசெய்தது. பண்டித ஜவஹர்லால் நேரு அவ்வாண்டு ஜூலை மாதத்திலே இலங்கைக்கு வந்தார். அப்போது இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது.

அடுத்த ஆண்டின் தொடக்கத்திலே மலைநாடெங்கும் வேலைநிறுத்தங்கள் பரவின. ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்திலே கூலியுயர்வு கேட்டு நிகழ்ந்த போராட்டத்திலே 1940 ஜனவரி 10 ஆம் நாள் பொலிசார் சுட்டதனால் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அத்தோட்டத்திலே பணிசெய்தது வேறொரு சங்கம். ஆயினும் துப்பாக்கியோசை எல்லா மலைகளிலும் கேட்டது. கைவீசிக் கேட்ட உரிமைக்கு உயிர் விலையாயிற்று எனக் கண்ட மக்கள் அஞ்சி ஒடுங்கியிருத்தல் இயல்பே. ஆனால் நிகழ்ந்தது அதற்கு மாறு. வேலைநிறுத்தங்கள் ஓயவில்லை. அவ்வாண்டிலேயே துரைமார் சங்கம் தொழிற்சங்கங்களோடு ஏழு அம்ச உடன்படிக்கை ஒன்று செய்துகொள்ள நேர்ந்தது. தொழிலாளர்க்குச் சங்கம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளாதிருந்தோர் ஒப்புக்கொண்டனர். சுதந்திரப்போர், வீரன் என நடேசையர் இக்காலத்திலே நடத்திய பத்திரிகைகளின் பெயர்களும், காலத்தின் கொடுமையை நோக்கி அவர் மனம் சுருங்கவில்லை என்பதைக் காட்டும். தோட்டத்துரைமாரின் ஆட்சியைக் கண்டித்து ஆங்கிலத்திலும் ஒரு நூல் எழுதி, கொடுமையை ஆளுவோரின் மொழியிலேயே எடுத்துக்கூறினார்.

பெரியோர் சரித்திரம் எழுதுவோர் அவர்தம் வெற்றிகளையே அடுக்குதல் வழக்கம். அது மாணாக்கர்க்கு நன்மை செய்யாது. நடேசையர் இறுதிக்காலத்திலே தோல்வியே கண்டார். அவருடைய சம்மேளனம் மெலிந்தது. மக்கள் பெருந்தொகையினராய் இலங்கை இந்தியன் காங்கிரசைச் சார்ந்தனர். அவர் முன்னாளிலே கண்டித்த பெரியங்கங்காணிமார் குடும்பங்களைச் சேர்ந்தோர் சிலர் அதிலே தலைமைபெற்றனர். 1947 ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலிலே அக்காங்கிரசைச் சேர்ந்த எழுவர் மலைநாட்டிலே வெற்றியெய்தினர், நடேசையர் தோல்வியடைந்தார். அவ்வாண்டு நவம்பர் மாதம் 7 ஆம் நாள் அவர் உலகவாழ்வை நீத்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் எந்த மக்களுக்காக உழைத்தாரோ, அந்த மக்களே தம்மை விலக்கிப் பிறரைத் தெரிந்ததைக் கண்டு மறைந்தார்.

ஆயின் அதனை வேறொரு கண்ணாலும் நோக்கலாம். அவர் முதன்முதல் புடவைமூட்டையோடு சென்றபோது, அம்மக்கள் தமக்கு ஒரு தலைவரைத் தெரியும் உரிமையுடையர் என்பதையே அறியாதிருந்தனர். அவர் மறைந்தபோது, தலைவர் பலருள் ஒருவரைத் தெரியவும் ஒருவரைத் தள்ளவும் வல்லவராயிருந்தனர். அவர் வாக்குப்பெறாமை அவரளவிலே தோல்வி. மக்கள் தம் வாக்கைத் தாமே ஆண்டமை அவர் தொண்டின் பயன். நாற்று நட்டவன் பெயரைக் கதிர் கேட்பதில்லை.

இன்னும் பெருந்துன்பம் அதன் பின்னரே வந்தது. 1946 ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி இலங்கையிலே இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர் இருந்தனர். அவர் மறைந்து ஓராண்டு நிறைந்த 1948 நவம்பர் மாதத்திலே பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, அவர்களுட் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1949 ஆம் ஆண்டுச் சட்டங்களால் வாக்குரிமையும் போயிற்று. 1964 ஆம் ஆண்டிலே இலங்கைப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் செய்த உடன்படிக்கை, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974 ஆம் ஆண்டிலே இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்தன. அட்டன், தலவாக்கொல்லைப் புகையிரத நிலையங்களிலே தாய் ஒரு நாட்டுக்கும் மகன் ஒரு நாட்டுக்குமாகப் பிரிந்தழுத காட்சியைக் கண்டோர் அதனை மறவார். 1977 மே மாதத்திலே, தோட்டக் காணிகளைப் பறித்தலை எதிர்த்து நின்ற சிவனு இலட்சுமணன் என்னும் இளைஞர் டெவன் தோட்டத்திலே சுடப்பட்டு இறந்தார். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளிலே நிகழ்ந்த இனக்கலவரங்களில் மலைநாட்டுத் தமிழர் உயிரும் உடைமையும் இழந்தனர். பலர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்கு ஓடிக் காட்டை வெட்டி மீண்டும் குடியமைத்தனர்.

இவ்வளவின் பின்னும் அம்மக்கள் அழிந்திலர். அம்மன் கோயில் திருவிழாக்கள் நின்றில, சங்கங்கள் நின்றில. நாடற்றோர் என எஞ்சியிருந்தார்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கைக் குடியுரிமையை அளித்தது. பறித்த நாளுக்கும் அளித்த நாளுக்கும் இடையே 55 ஆண்டுகள். அத்துணைக் காலம் ஒரு மக்கள் காத்திருந்தனர் எனல் பொருந்தாது. அத்துணைக் காலம் அவர்கள் கேட்டுக்கொண்டேயிருந்தனர் எனலே பொருந்தும். கேட்கும் வழக்கத்தை அவர்கட்கு முதன்முதற் பயிற்றியோருள் நடேசையர் தலையாயவர்.

அவரை நெடுங்காலம் நாடு மறந்திருந்தது. மலையக எழுத்தாளர் சாரல் நாடன் 1988 ஆம் ஆண்டிலே அவர் வரலாற்றை ஆராய்ந்து நூலாக வெளியிட்ட பின்னரே இளந்தலைமுறையினர் பலர் அவர் பெயரை அறிந்தனர்.

சைவ ஆசிரியப் பெருந்தகையீர்! இச்சரித்திரத்தினின்றும் நாம் கொள்ளத்தக்கன இரண்டுள. முதலாவது, வினைக்கொள்கையைக் கற்பிக்கும் முறை. வினை உண்டு, அதனைச் செய்தவன் நுகர்வான் என்பது நம் சித்தாந்தம். அது ஒவ்வொருவனும் தன் செயலைத் தானே ஆராய்ந்து திருந்துதற்குக் கூறப்பட்டது. துயருற்றவன் முகத்துக்கு நேரே நின்று உன் வினை என்று உரைத்தற்கு அன்று. அவனைத் துயருறுத்துபவனின் பிழையை மூடுதற்கும் அன்று. பசித்த பிள்ளையைப் பார்த்து வினை என்னும் ஆசிரியர், அப்பிள்ளையின் அரைப்பேர்க் கணக்கை எழுதிய கங்காணிக்கே துணைபுரிகின்றார். நோயுண்டாயினும் மருந்து தேடுகின்றோம்; வினையுண்டாயினும் நீதி தேடுதல் அவ்வாறே கடன்.

இரண்டாவது, நம்பிக்கையைக் கற்பிக்கும் முறை. நம்புக என்று சொல்லுதலால் நம்பிக்கை பிறவாது. வாசிக்கக் கற்பித்தலால், கணக்குப் பார்க்கக் கற்பித்தலால், ஒரு விண்ணப்பத்தைத் தன் கையாலெழுதக் கற்பித்தலால் அது பிறக்கும். நடேசையர் கணக்குப்பதிவு கற்பித்தவராயிருந்தமையாலேயே கொடுமையின் கணக்கை அவரால் வாசிக்க முடிந்தது. அவரோடு அரசியலிலே வேறுபட்டு நின்ற காங்கிரசிலிருந்து 1947 இல் தலவாக்கொல்லைப் பிரதிநிதியாய்ச் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை அவர்களும் ஆசிரியராயிருந்தவரே. தம் மக்களின் துயரையும் பாட்டையும் எழுத்திலே நிலைநிறுத்தியவரே. கட்சி வேறாயினும், கற்பித்த கையே இருவர்க்கும் கருவியாயிற்று.

இன்றும் மலைநாட்டிலே லயங்கள் உள. கூலிக்காக வழக்காடுதல் ஓயவில்லை. அவ்வப்போது மண்சரிந்து லயங்களை மூடுகின்றது. காலையிலே திருநீறணிந்து தேவாரம் ஓதிவிட்டு வகுப்பினுள்ளே வந்தமரும் அப்பிள்ளைகளின் கையிலே, ஓதிய திருப்பாட்டோடு ஒரு கருவியையும் கொடுத்தனுப்புதல் நம் கடமை. அப்பரடிகள் கையிலிருந்ததும் அதுவே.